சொல்லுக்கு முளைத்த வால்

சரித்திரம் என்றால் ராஜாக்களும் சண்டைகளும்தான் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். ஒரு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் பிழைத்து வந்திருக்கும் சின்னத் துணுக்குக்கும் சரித்திரம் உண்டு.

இளைய பையனைக் கண்ணால் பார்க்கலாம். இளமையைப் பார்க்க முடியுமா? பெரிய மனிதர் தெருவோடு போவார், பெருமை போகாது. பண்பை ஆளிடமிருந்து உரித்தெடுத்து அதற்குத் தனியாகப் பெயர் வைக்க, நம்மிடம் 'மை' என்ற விகுதி இருக்கிறது. ரஷ்யர், போலந்துக்காரர், செக்கர், செர்பியர், பல்கேரியர் ஆகிய இத்தனை பேருடைய பாஷைகளுக்கும் தாயான ஒரு பாஷையில் இந்த வேலை எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தத் தாய்ப் பாஷைக்கு ஆதி ஸ்லாவியம் என்று பண்டிதர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் எழுதிய ஏடோ கல்லோ ஒன்றுகூடக் கிடையாது. பேத்திகளின் முகஜாடையைச் சேர்த்துப் பார்த்துப் பாட்டியின் முகத்தை ஊகிப்பதுபோல, மகள் பாஷைகளை ஒப்பிட்டே அதை மீட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாட்டியிடம் ஒரு விகுதி அல்ல, ஒரு கூடை விகுதிகள் இருந்தன. 'ஸ்தாரு' என்றால் வயதான. அதோடு 'ஓஸ்தி' சேர்ந்தால் 'ஸ்தாரோஸ்தி', அதாவது முதுமை. அதே 'ஸ்தாரு'வோடு 'இனா' சேர்ந்தால் 'ஸ்தாரினா', பழைய காலம். கிழவருக்கு வந்திருப்பது ஸ்தாரோஸ்தி. திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசுவது ஸ்தாரினா! 'தோப்ரு' என்றால் நல்ல, 'தோப்ரோதா' நன்மை. 'ப்ராவு' என்றால் நேரான. 'ப்ராவிதா' நேர்மை, நியாயம். கோணலான என்பதற்குரிய 'க்ரிவு' அதே வாலைச் சேர்த்துக்கொண்டு 'க்ரிவிதா' ஆனால் அநியாயம். 'பிராவ்தா' என்ற ரஷ்யப் பத்திரிகையின் பெயரை நாம் கேட்டிருக்கிறோமே, அது இந்த 'ப்ராவிதா'தான்.

இதில் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 'அவனுக்கு என்ன யோக்கியதை?' என்று கேட்கிறோம். அந்தச் சொல்லின் கடைசியில் நிற்கும் 'தை', சமஸ்கிருதத்தின் 'தா'. நீண்ட என்பதற்கு சமஸ்கிருதத்தில் 'தீர்க்க', நீளம் 'தீர்க்கதா'. ஸ்லாவியத்தில் 'தில்கு'; நீளம் 'தில்கோதா'. வேரும் ஒன்று, வாலும் ஒன்று. 'ஓஸ்தி'யின் உறவு இன்னும் விசித்திரம். துருக்கியில் 1906 முதல் தோண்டியெடுத்த ஹிட்டைட் களிமண் பலகைகளின் பாஷை இன்னதென்று 1915-ல் விளக்கியவர் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர். மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தப் பாஷையில் நீளத்துக்குப் பெயர் 'தலுகஸ்தி'. போலந்திலும் நீளத்தை அதே வேரோடு 'ஓஸ்தி'யின் வழிவந்த வாலைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

இந்த விகுதிகளுக்கு ஒரு சோதனைக் காலம் வந்தது. 863-ஆம் வருஷம், மொராவிய மன்னன் ரஸ்திஸ்லாவ் கேட்டுக்கொண்டதன்பேரில், கிரேக்க ராஜ்யத்திலிருந்து கான்ஸ்டன்டைன், மெத்தோடியஸ் என்ற இரு சகோதரர்கள் வந்தார்கள். கான்ஸ்டன்டைன்தான் பிற்பாடு சிரில் என்று பெயர் பெற்றவர். பைபிளை ஸ்லாவியத்தில் பெயர்த்து, அதற்கென்று எழுத்தும் வகுத்தார்கள். வெனிஸ் நகரத்துப் பாதிரிமார் சீறி விழுந்தார்கள். ஹீப்ரு, கிரேக்கம், லத்தீன் என்ற மூன்று பாஷைகள் இருக்க, நான்காவது ஒன்றில் கடவுளைத் துதிப்பதா என்பது அவர்கள் கட்சி. சிரிலின் பழைய வாழ்க்கை வரலாறு இதைச் சொல்கிறது.

உழவனும் மேய்ப்பனும் பேசும் பாஷையில் ஞானத்துக்கும் கருணைக்கும் சொல் ஏது? இருந்தது. 'மோந்த்ரு' என்றால் அறிவுள்ள, ஞானத்துக்கு 'மோந்த்ரோஸ்தி'. 'மீலு' என்றால் பிரியமான, கருணைக்கு 'மீலோஸ்தி'. கிழவரின் முதுமையைச் சொன்ன அதே வால், கடவுளின் கருணையையும் சொல்லிற்று. புதிதாக வேண்டிய சொற்களையும் அதே அச்சில் வார்த்துக்கொள்ள முடிந்தது.

சகோதரர்கள் பட்டது கொஞ்சமல்ல. சிரில் 869-ல் ரோமாபுரியில் காலமானார். மெத்தோடியஸை பவேரிய பிஷப்புகள் சிறை வைத்தார்கள். 885-ல் அவரும் போனபின் சீடர்களை மொராவியாவை விட்டே துரத்தினார்கள். அவர்களில் சிலர் பல்கேரியாவில் அடைக்கலம் புகுந்து அந்த நூல்களைக் காப்பாற்றினார்கள். துரத்தியவர்களின் பெயர் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

'மீலோஸ்தி' மட்டும் இருக்கிறது. ரஷ்யர் வாயில் அது இன்னும் கருணை; போலந்துக்காரர் வாயில் காதலாகிவிட்டது! 'ஓஸ்தி'யும் ஓயவில்லை. 1980-ல் போலந்துத் தொழிலாளிகள் தங்கள் சங்கத்துக்கு ஒற்றுமை என்ற பொருளில் 'சொலிதார்நோஷ்ச்' என்று பெயர் வைத்தார்கள். வேர் லத்தீன், வால் பாட்டியுடையது. 1985-ல் ரஷ்யத் தலைமைக்கு வந்த கோர்பசேவ் வெளிப்படையாகப் பேசலாம் என்பதற்கு 'கிளாஸ்நாஸ்த்' என்றார். அதிலும் அதே வால். 1991-ல் சோவியத் சாம்ராஜ்யம் கலைந்தது. சாம்ராஜ்யங்கள் போகின்றன; கிழவர் திண்ணையில் உட்கார்ந்து தம் வயதைச் சொல்லிக்கொள்ளும்போது அந்தச் சின்ன வால் இன்றும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.