வெயில் இலவசம், வட்டி இலவசமில்லை: சோலார் மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பது எது?

உலகின் மிகச் சிறந்த சூரிய ஒளி வளத்தில் 60 சதவீதம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஆனால் உலகம் முழுக்க நிறுவப்பட்ட சோலார் மின்திறனில் அந்தக் கண்டத்தின் பங்கு வெறும் 1 சதவீதம். இது சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் சொன்ன கணக்கு. இன்னொரு பக்கம், வெயிலுக்குப் பெயர்போகாத ஜெர்மனி 2025 தொடக்கத்தில் 100 ஜிகாவாட்டைத் தாண்டிவிட்டது. ராஜஸ்தான், குஜராத் பாலைவனங்களை வைத்திருக்கும் இந்தியாவும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் அந்த எண்ணிக்கையைத் தொட்டது.

அப்போ வெயில் முக்கியமில்லையா? முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: கடன் எத்தனை சதவீத வட்டிக்குக் கிடைக்கிறது என்பது.

பேனல் விலையில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் வர வாய்ப்பில்லை. பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. வித்தியாசம் வருவது பணத்தில்தான்.

உங்க வீட்டுக் கடன் மாதிரிதான்

நிலக்கரி மின்நிலையம் என்றால் ஆண்டுதோறும் நிலக்கரி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். செலவு பல ஆண்டுகளுக்குப் பரவிக் கிடக்கும். சோலாரில் எரிபொருள் செலவே கிடையாது. ஆனால் கிட்டத்தட்ட மொத்தப் பணத்தையும் முதல் நாளே போட்டாக வேண்டும். பிறகு 25 வருஷம் இஎம்ஐ. வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும், அரை சதவீத வட்டி ஏறினாலே என்ன ஆகும் என்று.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 மெகாவாட் நிலையத்துக்கு 4 கோடி ரூபாய் செலவு, வருடத்துக்கு 16 லட்சம் யூனிட் உற்பத்தி என்று வைத்துக்கொள்வோம். முழுப் பணமும் 25 ஆண்டுக் கடன். பராமரிப்புச் செலவைச் சேர்க்கவில்லை. வட்டி 5 சதவீதம் என்றால் ஒரு யூனிட்டுக்கு சுமார் 1.77 ரூபாய் விழும். 10 சதவீதம் என்றால் 2.75 ரூபாய். 15 சதவீதம் என்றால் 3.87 ரூபாய். அதே பேனல், அதே வெயில், விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

பயத்துக்கும் ஒரு விலை

வட்டி ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது? கடன் கொடுப்பவரின் கேள்விகள் எளிமையானவை. மின்சாரத்தை யார் வாங்குவார்கள்? 25 வருஷமும் ஒழுங்காகப் பணம் தருவார்களா? அந்த நாட்டுக் கரன்சி சரிந்தால் என்ன ஆகும்? பதில் தெளிவாக இல்லாவிட்டால், அந்தப் பயம் வட்டியில் ஏறும்.

ஜெர்மனி 2000-ல் கொண்டுவந்த சட்டம் இந்தக் கேள்விகளுக்கு ஒரே அடியில் பதில் சொன்னது: சோலார் மின்சாரத்துக்கு 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை. வருமானம் உறுதி என்றால் எந்த வங்கி கடன் தராது?

ஸ்பெயினும் 2007-ல் அதே பாதையில் போனது. அறிவித்த விலை அவ்வளவு தாராளமானது என்பதால் 2008-ல் நிலையங்கள் காளான் மாதிரி முளைத்தன. பொருளாதார நெருக்கடி வந்ததும் 2010 முதல் அரசு விலையை வெட்டத் தொடங்கியது, அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையங்களுக்கும் சேர்த்து. அரசை நம்பி சேமிப்பைப் போட்ட குடும்பங்கள் கடனோடு மாட்டிக்கொண்டன. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களில் 50-க்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள்.

இந்தியா எங்கே நிற்கிறது?

2010 ஏலத்தில் யூனிட் சுமார் 12 ரூபாய். 2017-ல் ராஜஸ்தானின் பட்லா பூங்காவில் 2.44 ரூபாய். 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99 ரூபாய். பேனல் விலை சரிந்தது பெரிய காரணம். ஆனால் அது மட்டுமே இல்லை. 2011-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான இந்திய சூரிய எரிசக்தி கழகம் நடுவில் நின்று 25 ஆண்டு ஒப்பந்தத்தில் மின்சாரத்தை வாங்கி, மாநிலங்களுக்கு விற்கிறது. கடனில் தத்தளிக்கும் மாநில மின்வாரியத்தை நம்பிக் கடன் தருவதைவிட இது வங்கிகளுக்கு நிம்மதி.

ஆனாலும் சறுக்கல் உண்டு. 2019-ல் ஆந்திராவில் ஆட்சி மாறியதும், பழைய சோலார், காற்றாலை ஒப்பந்தங்களின் விலை அதிகம், திரும்பப் பேசுவோம் என்றது புதிய அரசு. விவகாரம் நீதிமன்றம் போனது. ஒப்பந்த விலையைத்தான் தர வேண்டும் என்று 2022 மார்ச்சில் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலையைக் குறைக்கக் கேட்ட அரசின் வாதம் மக்கள் பக்கம் நிற்பது போலத்தான் தெரியும். ஆனால் அடுத்த ஏலத்தில் வரும் கூடுதல் வட்டியையும் கட்டப்போவது அதே மக்கள்தான்.

சவூதி அரேபியாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. அரசே வாங்குகிறது, ரியால் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. 2021-ல் அங்கே யூனிட் 1.04 அமெரிக்க சென்ட்டுக்கு, அதாவது ஒரு ரூபாய்க்கும் குறைவாக, ஒப்பந்தம் போட முடிந்தது.

ஏழை நாடு என்ன செய்யும்?

ஜாம்பியா ஒரு வழி கண்டது. உலக வங்கிக் குழுமத்தின் உத்தரவாதத்தோடு 2016-ல் ஏலம் விட்டது. 6.02 சென்ட் என்ற விலை அன்றைக்கு ஆப்பிரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் அந்த விலை டாலர் கணக்கில். மின்கட்டணம் கட்டும் மக்கள் சம்பாதிப்பது குவாச்சாவில். 2020-ல் அந்நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவறியது. கரன்சி சரியும் ஆபத்து எங்கேயும் போகவில்லை, முதலீட்டாளரின் தோளிலிருந்து நாட்டின் தோளுக்கு மாறியது, அவ்வளவுதான்.

பாகிஸ்தானில் நடப்பது வேறு கதை. மின்கட்டணம் எகிறியதால், யாருக்காகவும் காத்திராமல் மக்களே கூரையில் பேனல் மாட்டத் தொடங்கினார்கள். 2024-ல் மட்டும் இறக்குமதியான பேனல்களின் திறன் சுமார் 17 ஜிகாவாட். இதில் பெரும்பகுதி சொந்தக் காசு, வங்கிக்கு வேலையே இல்லை. ஆனால் பழைய மின்நிலையங்களுக்கு அரசு தர வேண்டிய நிலையான கட்டணம் குறையவில்லை. அது இப்போது பேனல் வாங்க முடியாதவர்களின் பில்லில் ஏறுகிறது. கூரை மின்சாரத்துக்குத் தரும் விலையை யூனிட்டுக்கு 27 பாகிஸ்தான் ரூபாயிலிருந்து 10 ஆகக் குறைக்க 2025 மார்ச்சில் அரசு முன்வந்தது. பேனல் மாட்டியவர்களிடமிருந்து உடனே எதிர்ப்பு கிளம்பியது.