முத்கரம் செங்கோலான கதை

வடமொழி ‘முத்கரம்’ இந்தியில் ‘முக்தர்’ ஆயிற்று. தகர ககர ஒலிகள் இடம் மாறினவேயன்றிப் பொருள் மாறவில்லை: கையாற் சுழற்றும் கனத்த மரத்தடி. பாரசீகர் ‘மீல்’ என்றனர். தமிழகத்தில் அது கரலாக்கட்டை. பெயரும் பொருளும் பிரியத் தொடங்கியது இங்கிலாந்தில்தான்.

இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் இப்பயிற்சியைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1834இல் டொனால்டு வாக்கர் ஆடவர்க்கென வெளியிட்ட உடற்பயிற்சி நூலில் அது ‘இந்தியக் கிளப்’ ஆயிற்று. பெண்களுக்கென அவரே பின்னர் எழுதிய நூலிலோ, எடை குறைந்த வடிவொன்று ‘இந்தியச் செங்கோல்’ என்னும் பெயரில் நுழைந்தது! மல்லரின் கருவி சீமாட்டியரின் கைக்கு வர, எடையோடு பெயரும் மாற வேண்டியிருந்தது போலும். 1866இல் நியூயார்க்கில் இப்பயிற்சி பற்றி நூல் வெளியிட்ட சிம் கீஹோ, கட்டைகளைச் செய்து விற்ற வணிகருமாவார். 1904, 1932 ஒலிம்பிக் விழாக்களில் கட்டை சுழற்றல் போட்டியாகவே நடைபெற்றது.

காசியின் அகாடாக்களில் ‘ஜோடி’ எனப்படும் இணைக்கட்டைகள் கனம் குறையவில்லை. அங்குக் கருவி பொதுச்சொத்து. ஒருவர் சுழற்றி வைத்ததை அடுத்தவர் எடுப்பார். பழையது, புதியது என்னும் பேச்சுக்கு அங்கே இடம் குறைவு. மேலை நாட்டில் தனிமனிதர் வீட்டுக்கென வாங்கிய இணைகளோ இன்று பழம்பொருளாக விலைபோகின்றன. ‘இந்திய’ என்னும் அடைமொழியைக் கண்டு, அவை இந்தியாவில் செய்யப்பட்டவை என வாங்குவோர் மயங்கக்கூடும். அவற்றுள் மிகப் பல இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கடையப்பட்டவை.