ஸ்னோமொபைல்களில் லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரி

ஸ்னோமொபைல் எஞ்சினைப் பொத்தானை அழுத்திக் கிளப்புவதற்காக, ஈய-அமில பேட்டரிக்குப் பதில் பொருத்தப்படும் எடை குறைந்த 12 வோல்ட் பேட்டரி இது. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. பெரிய ஸ்னோமொபைலின் ஈய பேட்டரி ஆறேழு கிலோ இருக்கும். அதன் இடத்தில் வைக்கும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டாது. கடுங்குளிரில் இது கைவிட்டுவிடும் என்பாரும் உண்டு, ஈயத்தைவிட நன்றாகவே உழைக்கிறது என்பாரும் உண்டு. இரு தரப்பும் சொல்வது உண்மைதான். எந்தக் குளிரில், எந்த வண்டியில், எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே 1959-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள வால்கூரில் ஸ்கீ-டூ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து வண்டிகளைக் கயிற்றை இழுத்துத்தான் கிளப்பினார்கள். செல்ஃப் ஸ்டார்ட் பின்னர் பரவியபோதும், மலைச்சரிவில் ஓட்டுபவர்கள் அதை விரும்பவில்லை. மலை வண்டிகள் சுமார் 200 கிலோ எடையுள்ளவை. புதுப்பனியில் புதைந்துவிட்டால் ஓட்டுபவரே தோண்டி, தூக்கித் திருப்பியாக வேண்டும். பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், தடித்த கம்பிகள் என்று கூடும் ஒவ்வொரு கிலோவும் அப்போது முதுகில்தான் ஏறும். ஆனால் இடுப்பளவு பனியில் கால் ஊன்ற இடமில்லாமல் நின்றுகொண்டு 850 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் கயிற்றை இழுப்பதும் லேசான வேலையல்ல. இந்த இழுபறிக்கு ஒரு விடையாக ஸ்கீ-டூ நிறுவனம் பேட்டரியே இல்லாத ஏற்பாடு ஒன்றைச் செய்தது. முதல் தடவை கயிற்றால் கிளப்ப வேண்டும். எஞ்சின் ஓடும்போது மீமின்தேக்கி ஒன்று நிரம்பிக்கொள்ளும். நிறுத்திய பிறகு சுமார் அரைமணி நேரம் வரை பொத்தானால் கிளப்பலாம். லித்தியம் பேட்டரி இன்னொரு விடை.

இரும்பு பாஸ்பேட்டை நேர்முனைப் பொருளாகப் பயன்படுத்தலாம் என்பதை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் தலைமையிலான குழு 1997-இல் வெளியிட்டது. ஒரு மின்கலம் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8. வண்டியின் மின்னேற்றிச் சுற்றோடு இது ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடுகிறது. கைபேசி பேட்டரிகளின் கோபால்ட் வகையைப்போல எளிதில் கட்டுமீறிச் சூடேறுவதும் இல்லை.

குளிரில் இதன் குணம் ஈயத்துக்கு நேர் எதிரானது. ஈய பேட்டரி முதல் அழுத்தலில் தன் முழு பலத்தையும் காட்டும். இரண்டாவதில் குறையும், ஐந்தாவதில் முனகும். மைனஸ் 25 டிகிரியில் இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியில் லித்தியம் பேட்டரி முதல் அழுத்தலில் பரிதாபமாகவே இருக்கும்: ரிலே 'டிக்' என்னும், ஸ்டார்ட்டர் அரைச்சுற்று முனகி நிற்கும், முகப்புத் திரை அணைந்துவிடும். ஈயத்தில் பழகியவர் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார். அது தவறு. குளிரில் மின்பகுளி தடித்து, லித்தியம் அயனிகளின் நடமாட்டம் மந்தப்பட்டு, உள்தடை பலமடங்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தடையின் ஊடே மின்னோட்டம் பாயும்போது உள்ளேயே வெப்பம் பிறக்கிறது. பேட்டரி சிறியது என்பதால் கொஞ்சம் வெப்பமே போதும். ஆகவே ஒவ்வொரு முயற்சியும் முந்தியதைவிடத் தெம்பாக இருக்கும். சாவியைத் திருப்பினால் விளக்கு எரியும் வண்டியென்றால் இரண்டு மூன்று நிமிடம் எரியவிடலாம். பல டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் விளக்கு எரியும். அவற்றில் பொத்தானைச் சில விநாடி அழுத்தி, அரை நிமிடம் விட்டு, மீண்டும் அழுத்துவதே வழி. இந்தப் பொறுமை மைனஸ் 20-ஐ ஒட்டிய குளிரில் நல்ல பலன் தரும். மைனஸ் 30-க்குக் கீழே அதை நம்பிப் புறப்படுவது புத்திசாலித்தனம் அல்ல.

மின்னேற்றம் வேறு கதை, உண்மையான கேடும் அங்கேதான். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த மின்கலத்துக்குள் மின்சாரத்தை வேகமாகத் திணித்தால், அயனிகளுக்கு எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடும். படிந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைப்பதில்லை. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படும் ஆபத்தும் உண்டு. இதைத் தடுக்கவே சில பேட்டரிகளின் கட்டுப்பாட்டுச் சுற்று குளிரில் மின்னேற்றத்தைத் துண்டிக்கிறது. சிலவற்றில் உள்ளேயே சூடேற்றி இருக்கிறது. வீட்டில் சார்ஜ் செய்வதானால் பேட்டரி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே செய்ய வேண்டும். ஈய பேட்டரிக்கான சார்ஜரில் சல்பேட் நீக்கும் உயர் வோல்ட் நிலை இருந்தால் அதை லித்தியத்துக்கு அறவே பயன்படுத்தக் கூடாது.

விலைப்பட்டியலில் வாங்குபவர் ஏமாறும் இடங்கள் இரண்டு. '18 ஆம்பியர்-மணிக்குச் சமம்' என்று அச்சிட்டிருப்பதன் உண்மையான கொள்ளளவு பெரும்பாலும் அதில் மூன்றிலொரு பங்குதான். எஞ்சினைக் கிளப்ப அது போதும். எஞ்சின் ஓடாமல் ஜிபிஎஸ், கைப்பிடிச் சூடேற்றி என்று இழுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டாவது, குளிர்த் தொடக்க ஆம்பியர் என்ற அளவு. ஈய பேட்டரிகளுக்கு அது மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி சோதனையில் கிடைப்பது. லித்தியம் பேட்டரிகளில் பெரிய எழுத்தில் போடப்படும் எண் பல நேரங்களில் அறை வெப்பத்தில் சில விநாடித் துடிப்பில் அளந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. பரிந்துரைக்கப்பட்டதைவிட ஓர் அளவு பெரியதை வாங்கினால் எடை அரைக்கிலோகூடக் கூடாது. குளிரில் அந்த உபரி கைகொடுக்கும்.

ஈயத்துக்கும் குளிர் நட்பல்ல. மைனஸ் 18-இல் அதன் திறன் ஏறத்தாழப் பாதிக்குச் சரியும். சார்ஜ் தீர்ந்த நிலையில் அதன் அமிலக் கரைசல் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். லித்தியம் பேட்டரியில் நீர் இல்லாததால் அந்தச் சிக்கல் இல்லை. தானாகச் சார்ஜ் இறங்குவதும் குறைவு என்பதால், கம்பியைக் கழற்றிவைத்தால் கோடை முழுவதையும் தாங்கும். இரவில் கழற்றி விடுதி அறைக்குள் எடுத்துப்போகவும் வசதியானது.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது வெப்பமானி மட்டுமல்ல, வண்டியில் கயிறு இருக்கிறதா என்பதும்தான். கயிறும் உள்ள டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பேட்டரி காலைவாரினாலும் வீடு திரும்பலாம்; அங்கே லித்தியத்தைத் தயங்காமல் போடலாம். பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் கயிறே கிடையாது, குளிரில் தடித்த எண்ணெயையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். ஆள்நடமாட்டமில்லாத இடங்களுக்கு அதில் போகிறவர் ஈயத்தின் கனத்தைச் சுமப்பதே மேல். நடுவழியும் ஒன்று உண்டு: எதிர்முனையில் கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் டைட்டனேட் வைத்த பேட்டரிகளில் உலோகப் படிவு ஏற்படுவதில்லை, மைனஸ் 30-இலும் சார்ஜ் ஏற்கும். ஆனால் அதன் மின்கலம் சுமார் 2.3 வோல்ட்தான் தருவதால் கூடுதல் மின்கலங்கள் வேண்டும். எடையில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கே கரைந்துவிடுகிறது, விலையும் அதிகம்.