ஆசானும் மாணவனும்: ஒரு சம்மட்டி எறிவீரரின் வரலாறு

1976 ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் சம்மட்டி எறிதலுக்கான மூன்று பதக்கங்களையும் சோவியத் ஒன்றியமே வென்றது. 77.52 மீற்றர் எறிந்து தங்கம் வென்ற யூரி செடிக்கிற்கு அப்போது வயது 21. 75.48 மீற்றருடன் வெண்கலம் பெற்ற அனத்தோலி பொண்டார்ச்சுக்கிற்கு வயது 36. வெண்கலம் பெற்றவர்தான் தங்கம் பெற்றவரின் பயிற்றுநர். தானும் களத்தில் நின்றபடியே தன்னை வெல்லக்கூடிய ஒருவனை உருவாக்கிய ஆசான் அவர். விளையாட்டு வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்வுகள் மிகச் சிலவே.

பொண்டார்ச்சுக்கைப் பல நாட்டுப் பத்திரிகைகளும் 'ரஷ்ய வீரர்' என்றே எழுதின. சோவியத் சீருடை அணிந்தவர் எவராயினும் அவரை ரஷ்யர் என அழைப்பது அக்கால வழக்கம். உண்மையில் அவர் 1940 ஆம் ஆண்டு உக்ரேனில், ஸ்தாரகொன்ஸ்தந்தினிவ் என்னும் சிறு நகரில் பிறந்தவர். அவரது மாணவர் செடிக், ரஷ்யாவின் நொவொசெர்காஸ்க்கில் பிறந்தவர். அவரிடம் பயின்ற மற்றொருவரான யூரி தாம் எஸ்தோனியர். இன்று அம்மூன்று நாடுகளும் தனித்தனியே நிற்கின்றன. அவற்றுள் இரண்டு போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கின்றன. ஒருகாலத்தில் உக்ரேனியத் தலைநகர் கீவின் பயிற்சி மைதானத்தில் இவர்கள் ஒன்றாக நின்றனர் என்பதை இன்றைய தலைமுறைக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சம்மட்டி என்றதும் கொல்லனின் கருவியே நம் மனதில் தோன்றும். மெய்வல்லுநர் போட்டியில் பயன்படுவது ஓர் உலோகக் குண்டு. அது ஒரு கம்பியில் கோர்க்கப்பட்டு, கம்பியின் மறுமுனையில் கைபிடி பொருத்தப்பட்டிருக்கும்; ஆண்களுக்கான சம்மட்டியின் மொத்த எடை 7.26 கிலோகிராம். ஏறத்தாழ இரண்டு மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் வீரர் மூன்று அல்லது நான்கு முறை சுழன்று அதனை விடுவிக்க வேண்டும். வெறும் உடல் வலிமை இங்கே போதாது. சுழற்சியின் வேகமும், குண்டின் இழுவிசைக்கு எதிராக உடலை நிலைநிறுத்தும் சமநிலையும், விடுவிக்கும் கணமும் ஒன்றுசேர வேண்டும்.

1969 இல் பொண்டார்ச்சுக் உலக சாதனையை இருமுறை முறியடித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் எறிந்த தூரம் 75.48 மீற்றர். 75 மீற்றரைத் தாண்டிய முதல் மனிதர் அவரே. 1972 இல் மியூனிச் ஒலிம்பிக்கில் 75.50 மீற்றர் எறிந்து தங்கம் வென்றார். மொன்றியலில் அவருக்கு வெண்கலம் பெற்றுத்தந்த தூரம், ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் உலக சாதனையாக நிலைநாட்டிய அதே 75.48 மீற்றர் என்பது கவனிக்கத்தக்கது. அவருடைய வலிமை குறையவில்லை. உலகம் முன்னேறியிருந்தது. அந்த முன்னேற்றத்துக்கு அவரும் ஒரு காரணர்.

பயிற்றுநராக அவர் கடைப்பிடித்த முறை அன்றைய வழக்கத்திலிருந்து வேறுபட்டது. கனமான இரும்பைத் தூக்கித் தசையைப் பெருக்கினால் தூரமும் பெருகும் என்று பலரும் நம்பிய காலம் அது. எந்தப் பயிற்சி உண்மையில் எறியும் தூரத்தைக் கூட்டுகிறது, எது வெறும் களைப்பை மட்டும் தருகிறது என்பதையே அவர் ஆராய்ந்தார். போட்டிச் சம்மட்டியை விடக் கனமானவற்றையும் இலேசானவற்றையும் மாறிமாறி எறியச் செய்தார். ஒரே பயிற்சித் தொகுதியை அளித்தாலும் ஒவ்வொருவரும் உச்ச நிலையை அடைய எடுக்கும் காலம் வேறுபடும் என்பதைப் பதிவேடுகளைக் கொண்டு கண்டறிந்தார். அவருடைய நூல்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு இன்றும் பயிற்றுநர்களால் படிக்கப்படுகின்றன.

விளைவு களத்தில் தெரிந்தது. 1980 இல் மொஸ்கோவில் செடிக் 81.80 மீற்றர் எறிந்து, உலக சாதனையுடன் மீண்டும் தங்கம் வென்றார். வெள்ளி செர்கேய் லித்வினோவுக்கு, வெண்கலம் தாமுக்கு. 1984 இல் சோவியத் ஒன்றியம் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் செடிக்கிற்கு அடுத்த வாய்ப்பு பறிபோனது. 1986 ஓகஸ்ட் 30 ஆம் திகதி ஸ்டுட்கார்ட் நகரில் அவர் எறிந்த 86.74 மீற்றரை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. பலர் நான்கு முறை சுழலும் போட்டியில் அவர் மூன்றே சுழற்சியில் அதனைச் சாதித்தார். 1988 இல் சியோலில் லித்வினோவ் தங்கமும், செடிக் வெள்ளியும், தாம் வெண்கலமும் பெற்றனர்.

இச்சாதனைகளின் மீது ஒரு நிழலும் படிந்திருக்கிறது. 1984 ஒலிம்பிக்கை முன்னிட்டுச் சோவியத் மெய்வல்லுநர்களுக்கு ஊக்கமருந்து வழங்கத் திட்டமிட்டதைக் காட்டும் ஆவணம் 2016 இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளியானது. தனியொருவர் மீது அதனை வைத்துத் தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. ஆயினும் அக்காலத்தின் எண்களை வாசிக்கும்போது அந்த ஆவணத்தை மறந்துவிடவும் முடியாது. வரலாறு எழுதுபவன் இரண்டையும் ஒன்றாகவே சொல்லியாக வேண்டும்.

சோவியத் ஒன்றியம் 1991 இல் கலைந்தபின் பொண்டார்ச்சுக் வெளிநாடுகளில் பணியாற்றினார். இறுதியில் கனடாவின் கம்லூப்ஸ் நகரில் குண்டு எறிவீரர் டிலன் ஆம்ஸ்ட்ரோங்கைப் பயிற்றுவித்தார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் ஆம்ஸ்ட்ரோங் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்தில் நான்காமிடம் பெற்றார். மூன்றாமிடம் பெற்ற பெலாருஸ் வீரர் பின்னர் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக நீக்கப்பட்டார். 2015 இல் அந்த வெண்கலம் ஆம்ஸ்ட்ரோங்கின் கைக்கு வந்தது. ஊக்கமருந்தால் பறிபோன பதக்கம், ஊக்கமருந்துச் சந்தேகம் சூழ்ந்த ஓர் அமைப்பிலிருந்து வந்த ஆசானின் மாணவனுக்கே திரும்பக் கிடைத்தது.

ஆம்ஸ்ட்ரோங் பின்னர் பயிற்றுநரானார். அவரது மாணவர் ஈதன் கட்ஸ்பேர்க் 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 84.12 மீற்றர் எறிந்து சம்மட்டி எறிதலில் தங்கம் வென்றார்.

லித்வினோவ் 2018 இல் மறைந்தார். செடிக்கும் தாமும் 2021 செப்டெம்பரில், ஒரு வார இடைவெளியில் அடுத்தடுத்து மறைந்தனர். சோவியத் ஒன்றியம் அவர்களுக்கு முன்னரே மறைந்துவிட்டது. ஆனால் கீவில் தொடங்கிய அந்தக் கல்வி, கொடிகள் மாறியபின்னும், ஆசானிடமிருந்து மாணவனுக்கும் அவனிடமிருந்து அவனுடைய மாணவனுக்கும் கைமாறிக் கனடாவில் தொடர்கிறது. பொண்டார்ச்சுக்கின் 1972 ஆம் ஆண்டுத் தங்கத்தைவிட மொன்றியல் வெண்கலமே அவருடைய வாழ்க்கைக்குப் பொருத்தமான சான்று என்பது எனது எண்ணம்.