கருவுயிர்க்கென ஒரு சங்கம்

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட குடிகளிடையே கருவிலுள்ள உயிருக்காகப் பேசுவது எளிது என்றே தோன்றும். சமயப்பற்று தளர்ந்து, ஆலயம் செல்வோர் அருகிவரும் நாட்டில் அதே பேச்சை எவ்வாறு தொடங்குவது? 1960களில் பிரிட்டனில் சிலர் இவ்வினாவை எதிர்கொண்ட வரலாறு சிராவகப் பெருமக்கள் அறியத்தக்கது.

அங்கு 1861ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியிருந்தது. ஆயினும் அது மறைவிடங்களில் நடந்தே வந்தது. பெண்கள் பலர் அதனால் மாண்டனர். இக்கொடுமையைக் களையவே டேவிட் ஸ்டீல் என்னும் இளம் லிபரல் கட்சி உறுப்பினர் 1966இல் மசோதா கொணர்ந்தார். அவரை இரக்கமற்றவர் என்பது நேர்மையாகாது. அவ்வாண்டு ஜூலை 22 அன்று இரண்டாம் வாசிப்பில் மசோதாவை ஆதரித்தோர் 223 பேர். எதிர்த்தோர் 29 பேரே. இங்கிலாந்துத் திருச்சபையும் ஓரளவு தளர்வுக்கு இசைந்திருந்தமையால், எதிர்ப்பு என்பது கத்தோலிக்கரின் சமயப் பிடிவாதம் மட்டுமே என்ற எண்ணம் பரவியிருந்தது.

இச்சூழலில் 1967 தொடக்கத்தில் பிறவாக் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம் பொதுமக்கள் முன் வந்தது. அதன் முதல் செயற்குழுவில் கத்தோலிக்கர் எவருக்கும் இடமளிக்கப்படவில்லை. தம்மோடு உறுதியாக நிற்கக்கூடியோரையே வாயிலில் நிறுத்தியது வியப்பளிக்கலாம். மறைநூலை ஏற்காதவரும் மருத்துவத்தையும் நீதியையும் ஏற்பர் என்பதே நிறுவியோரின் கணிப்பு. அக்காலச் சூழலில் அது தக்க கணிப்பே என்பது என் கருத்து.

நிறுவிய உறுப்பினர்களுள் ஒருவர் அலெக் போர்ன். 1938இல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற 14 வயதுச் சிறுமிக்கு லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் கருக்கலைப்புச் செய்து, அதனைத் தாமே அதிகாரிகளுக்கு அறிவித்து, வழக்கை எதிர்கொண்டு விடுதலை பெற்ற அதே மருத்துவர்! சீர்திருத்தம் கோரியோர் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டி வந்தது அவ்வழக்கையே. எண்பதை எட்டிய முதுமையில் அவர் எதிரணியில் நின்றார். துயரின் உச்சத்திலிருந்த ஒரு சிறுமிக்குச் செய்ததை யாவர்க்கும் பொதுவிதியாக்க அவர் இசையவில்லை. இரண்டையும் ஒரே மனிதர் கொண்டிருந்தார் என்பதை மறைத்து எழுதுவோர் இரு தரப்பிலும் உளர்.

1967 ஜூலை 14 அன்று மூன்றாம் வாசிப்பில் எதிர்ப்பு வாக்குகள் 83 ஆயின, ஆதரவு 167. மசோதா சட்டமாகி, 1968 ஏப்ரல் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. சங்கம் தோற்றது, ஆயினும் கலையவில்லை.

1970இல் வரலாற்றுப் பேராசிரியர் ஜாக் ஸ்கேரிஸ்பிரிக்கும் அவர் துணைவியார் நுவாலாவும் 'லைஃப்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். இருவரும் கத்தோலிக்கர், அமைப்பையோ எச்சமயமும் சாராததாக நடத்தினர். கருவுற்றுக் கைவிடப்பட்ட பெண்ணுக்குத் தங்குமிடமும் ஆறுதலும் அளிப்பது அதன் பணிகளுள் தலையாயது. கருவைக் காக்கச் சொல்வோர் தாயை எங்கே தங்கவைப்பர் என்ற கேள்விக்கு மேடைப்பேச்சு விடையாகாது. வாடகையும் உணவும் தந்து நடத்தும் இல்லமே விடை.

பிறர் நாட்டு வரலாற்றை இவ்வளவு விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. இயற்கையில் 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறப்பர். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து கலைப்பதைத் தடுக்க இந்தியாவில் 1994இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் 2001இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுள் நாடு முழுவதும் 1000 ஆண்களுக்கு 927 பெண்கள் இருந்தனர். அகில இந்தியச் சமணரிடையே அவ்வெண் 870. 2011இல் அது 889 ஆயிற்று. அணுவிரதங்களை நன்கறிந்த இல்லங்களில் இக்குறை நேர்ந்தது. லண்டனில் அச்சங்கத்தார் அயலாரிடம் பேசினர். நாம் பேசவேண்டியது நம் உறவினரிடம், பெண் பார்க்கும் படலத்திலும் சீமந்தப் பந்தலிலும்.