தன் பெயரைக் கல்லில் விட்டுச் சென்ற சிற்பி

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்பிரியா வட்டாரத்தில் பிரைட்கர்க் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் பிறந்த காக்கர்மவுத் நகரம் அதன் அருகில்தான் உள்ளது. அவ்வூர்த் தேவாலயத்தில், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கான சதுர வடிவக் கற்தொட்டி ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செதுக்கப்பட்டது அது.

எல்லாத் தேவாலயங்களிலும்தான் இப்படி ஒரு தொட்டி இருக்கிறதே, இதில் என்ன சிறப்பு என்று கேட்கலாம். இதைச் செய்தவரின் பெயர் இதிலேயே இருக்கிறது. அதுதான் சிறப்பு. அக்காலத்துச் சிற்பிகளில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே மறைந்து போனவர்கள்.

அன்றைய கிராம வாழ்க்கையில் இந்தத் தொட்டிக்குத் தனி மதிப்பு இருந்தது. ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இதைக் கடந்தே சமூகத்துக்குள் வந்தது. மந்திரித்த நீரைச் சூனியக்காரர்கள் திருடிவிடுவார்கள் என்ற அச்சமும் இருந்தது. அதனால்தான் 1236ஆம் ஆண்டில் கேண்டர்பரி பேராயர் எட்மண்ட், தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

பிரைட்கர்க் தொட்டியின் நான்கு பக்கங்களிலும் சிற்பங்கள் உள்ளன. இயேசு ஞானஸ்நானம் பெறும் காட்சி ஒரு பக்கம். ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டுத் துரத்தப்படும் காட்சி இன்னொரு பக்கம். விசித்திர விலங்குகளும் உண்டு. மற்றொரு பக்கத்தில் நாடா போன்ற பட்டையில் ஒரு வாசகம் ஓடுகிறது. அதற்குக் கீழே, கொடிகளுக்கு நடுவில், சுத்தியலும் உளியுமாக ஒரு மனிதர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

அந்த வாசகத்தின் எழுத்து ரூனிக். வைக்கிங்குகள் வழிவந்த மக்கள் கம்பிரியாவில் குடியேறியபோது கொண்டு வந்த எழுத்து. அதனுடன் ஆங்கில எழுத்துகள் சிலவும் கலந்துள்ளன. ஆனால் மொழி ஆங்கிலம்! எழுத்து ஓரினத்தாருடையது, மொழி இன்னோரினத்தாருடையது. இரு சமூகங்கள் கலந்து வாழ்ந்த ஊர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிற்காலத்தில் அந்த எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போயிற்று. 400 ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன், எழுத்துகளின் வடிவத்தை மட்டும் வரைந்து வெளியிட்டார். பொருள் சொல்லும் பொறுப்பைக் கற்றறிந்தவர்களிடம் விட்டுவிட்டார். அது நேர்மையான செயல்.

1685இல் வில்லியம் நிக்கல்சன் என்ற அறிஞர் துணிந்து பொருள் சொன்னார். எக்கார்ட் என்பவர் இங்கு மதம் மாறினார், அவரைப் பார்த்து டேனியர்களும் மாறினர் என்பது அவர் தந்த விளக்கம். ஞானஸ்நானத் தொட்டி என்றால் மதமாற்றச் செய்திதானே இருக்கும் என்ற எண்ணம் அவரை இழுத்துச் சென்றிருக்க வேண்டும். இல்லாத ஒருவர் வரலாற்றில் நுழைந்தார். தொட்டியைச் செதுக்கியவர் காணாமல் போனார். வாசகத்தின் கீழேயே சுத்தியலோடு நிற்கும் மனிதரை யாரும் கேட்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் ரூனிக் ஆய்வு வளர்ந்த பிறகே சரியான வாசிப்பு கிடைத்தது. எதுகையோடு அமைந்த இரண்டே வரிகள். பேசுவது தொட்டி. தன்னை உருவாக்கி இந்த அழகுக்குக் கொண்டு வந்தவர் ரிக்கார்த் என்கிறது. இன்றைய உச்சரிப்பில் ரிச்சர்ட். உளி பிடித்திருப்பவர் அவரே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. டர்ஹாம் நகரில் அதே காலத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்தான் இவர் என்று சொன்னவர்களும் உண்டு. பெயர்ப் பொருத்தத்தைத் தவிர அதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

1645இல், உள்நாட்டுப் போரின்போது, நாடாளுமன்றம் கொண்டு வந்த புதிய வழிபாட்டு முறை பழைய தொட்டிகளை மூடநம்பிக்கையின் அடையாளமாக ஒதுக்கியது. நாட்டில் பல தொட்டிகள் உடைக்கப்பட்டன. சில மாட்டுத் தொட்டிகளாயின. ரிக்கார்த்தின் தொட்டி தப்பியது. 1870இல் பிரைட்கர்க்கில் புதிய தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டபோது, பழைய கட்டடத்தின் வாசல் வளைவுகளோடு தொட்டியும் அங்கே இடம் மாறியது. பழைய தேவாலயத்தின் இடிந்த சுவர் மட்டும் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது.