கதையெழுத்துக்கான தொடரிலக்கணம்

கதை எழுதத் தொடங்கும் சிறுவர் சிறுமியர்க்குத் தேவையான வாக்கிய அமைப்பு, சொற்களின் இயைபு, ஒற்று, நிறுத்தக்குறி ஆகியவற்றின் அடிப்படைகள். இவற்றில் சொற்களின் இயைபைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலும், 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி இயற்றிய நன்னூல் பொதுவியலிலும் பேசுகின்றன.

தமிழ் வாக்கியத்தின் பயனிலை பெரும்பாலும் இறுதியில் நிற்கும். செய்தது யார், எப்போது என்பதை வினைமுற்றின் விகுதியும் இடைநிலையும் காட்டிவிடுவதால் ‘வந்தாள்’ என்ற ஒரு சொல்லே முழு வாக்கியமாகும். ஆகவே வரிக்கு வரி ‘அவள்’ என்று எழுத வேண்டியதில்லை. கதைக்குள் இரண்டு சிறுமிகள் இருந்தால் மட்டும் பெயர் சொல்லாமல் தீராது.

கதைக்காரர் மிகுதியாகத் தடுமாறுவது முற்றுப்பெறாத வினையான எச்சத்தில்தான். ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் பள்ளிக்குப் போனாள்’ என்பதில் எல்லாச் செயலும் ஒருத்தியுடையவை. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாக முற்றின் எழுவாயையே தேடிச் செல்லும். ‘கதவைத் திறந்து பூனை ஓடியது’ என்றால் கதவைத் திறந்ததும் பூனையே. திறந்தவன் கண்ணன் என்றால் ‘கண்ணன் கதவைத் திறந்ததும் பூனை ஓடியது’ என்று எழுத வேண்டும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதில் எழுவாய் வேறுபட்டாலும் ஒன்று மற்றதற்குக் காரணமாவதால் பிழையில்லை. பெயரெச்சமும் இடம் பார்த்து நிற்க வேண்டும்: ‘கிழிந்த சிறுமியின் சட்டை’ என்று எழுதினால் கிழிந்தது யார் என்று வாசகர் சிரிப்பார்.

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களை, அதாவது பிழைகளை, நன்னூல் குறிக்கிறது. ‘யானை கத்தியது’ என்பது மரபு வழு. யானை பிளிறும், மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும். விதியைச் சொன்ன இலக்கணமே விலக்கும் தருகிறது, அதுவே வழுவமைதி. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவை காரணமாகத் திணையும் பாலும் மாறலாம். தான் வளர்க்கும் பசுவை ஒருவன் மகிழ்ச்சியில் பெண்ணாகக் கொண்டு பேசலாம். விலங்குகள் பேசும் கதைக்கு இதைவிட நல்ல அனுமதி கிடையாது. ‘குருவி அழுதது’, ‘குருவியம்மா அழுதாள்’ இரண்டும் சரி. ஒரே கதையில் காரணமின்றி மாறி மாறி எழுதுவதுதான் குறை. காலத்துக்கும் இத்தகைய விலக்கு உண்டு: இன்னும் கிளம்பாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது விரைவு பற்றிய கால வழுவமைதி.

ஓர் ஒற்று கதையையே திருப்பிவிடும். ‘வேலை கொடு’ என்பவன் பணி கேட்கிறான்; ‘வேலைக் கொடு’ என்பவன் ஆயுதம் கேட்கிறான். ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடும் அப்படிப்பட்டதே. ‘நாம் போகலாம்’ என்றால் கேட்பவரும் உடன் வருவார். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

உரையாடலை நேர்கூற்றாக எழுதுவதே சிறுவர் கதைக்கு உகந்தது. அயற்கூற்றில் ‘நான்’ ‘தான்’ ஆகும், ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகும். பேசுபவரின் குரலும் மங்கிவிடும். கதைசொல்லி எழுத்துத்தமிழிலும் பாத்திரங்கள் பேச்சுத்தமிழிலும் பேசுவது வழக்கம் என்றாலும், எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கதையையே பேச்சுமொழியில் சொன்னார்; கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார்.

மேற்கோள்குறி, காற்புள்ளி, வினாக்குறி ஆகியவை ஐரோப்பியத் தொடர்பாலும் அச்சாலும் தமிழில் பரவியவை. அக்குறிகள் இல்லாத ஓலைச்சுவடிகளில் ஒருவர் பேச்சு முடிந்த இடத்தைக் காட்ட ‘என்று’, ‘என’ போன்ற சொற்களே உதவின.